பெரியவர்களின் விருப்பம் அவர்கள் குரலிலேயே பதிவாகட்டும்



பெங்களூருவின் அல்சூர், மர்பி டவுன், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பகுதிகளில் வசிக்கும் தமிழ் மூத்தவர்கள் சிலர் கூடிப் பேசி இதை எழுதுகிறோம்.

மருத்துவமனையில் "அடுத்து என்ன செய்யலாம்?" என்ற கேள்வி பெரும்பாலும் மகனிடமோ மகளிடமோதான் போகிறது. பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் வாட்ஸ்அப்பிலேயே முடிவாகிவிடுகிறது. படுத்திருப்பவரை யாரும் கேட்பதில்லை. கன்னடமும் ஆங்கிலமும் சரளமாக வராத பாட்டி என்றால் அவர் வாயே திறப்பதில்லை. ஆனால் மனதில் விருப்பம் இல்லாமலா இருக்கும்? ஒருவருக்கு அல்சூர் சோமேசுவரர் கோயிலுக்குத் தன் காலால் நடந்து போய்வர வேண்டும். இன்னொருவர் பேத்தி கல்யாணத்தைப் பார்ப்பதற்காக எந்தச் சிகிச்சையையும் தாங்கத் தயார். வேறொருவர் ஐசியு வேண்டாம், வலி தெரியாமல் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். இது தெரியாமல் மருத்துவர் எப்படிச் சரியான வழியைத் தேர்ந்தெடுப்பார்?

கையிலிருக்கும் போனே இதற்குப் போதும். தமிழில் டைப் செய்யத் தெரியாவிட்டாலும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம். தெளிவாகப் பேச முடிகிற இந்த நாட்களிலேயே உங்கள் விருப்பத்தைச் சொல்லிப் பதிவு செய்து, பிள்ளைகளுக்கும் குடும்ப மருத்துவருக்கும் அனுப்புங்கள். போனுக்குள்ளேயே பூட்டிக் கிடந்தால் பயனில்லை. மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தில் 14 இலக்க ஆபா (ABHA) எண் எடுத்துவிட்டால், அத்திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளின் சிகிச்சைக் குறிப்புகளை ஓரிடத்தில் பார்க்கலாம். உங்கள் சம்மதத்தோடுதான் பிறருக்கு அவை கிடைக்கும். ஓடிபி கேட்டு வரும் அந்நிய அழைப்புகளுக்கு மட்டும் பதில் சொல்லாதீர்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். குணமாகும் நம்பிக்கையற்ற நிலையில் செயற்கை உயிர்காப்பு வேண்டாம் என்பதற்குக் குரல்பதிவு மட்டும் சட்டப்படி போதாது. லிவிங் வில் எனப்படும் முன்விருப்ப ஆவணத்தை 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. அப்போது மாஜிஸ்திரேட்டின் கையெழுத்தும் தேவைப்பட்டது. பலர் தயங்கியதற்கு அந்த அலைச்சலே காரணம் என்று நினைக்கிறோம். 2023 ஜனவரியில் விதி எளிதானது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று பெற்றால் போதும். அதை டிஜிட்டல் மருத்துவப் பதிவிலும் சேர்க்கலாம். மனம் மாறினால் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். கர்நாடக சுகாதாரத் துறையும் இந்தத் தீர்ப்பை நடைமுறைப்படுத்த 2025 ஜனவரியில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

இளையவர்களே, போனைப் பிடித்துக் கொடுங்கள், பட்டனை அழுத்துங்கள். பேசுவதைப் பெரியவர்களிடமே விடுங்கள். "அப்பா, அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று தடுக்காதீர்கள். அவர்கள் சாவை வரவழைக்கவில்லை. எப்படி வாழ வேண்டும் என்று சொல்கிறார்கள்.

மருத்துவர்களே, அந்தப் பதிவைக் கேட்க இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். தமிழ் புரியாவிட்டால் வார்டில் தமிழ் தெரிந்த செவிலியரை அழையுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவரோடு உட்கார்ந்து முதல் பதிவைத் தொடங்குங்கள்.