அழகா? வேகமா?



மாலை வேளையிலே, தேநீர்க் குவளையும் கையுமாக நம்மவர் நாலு பேர் கூடினால் ஒரு வழக்கு கிளம்பும். "வேகமில்லாத வண்டி ஒரு வண்டியா?" என்பான் ஒருவன். "வடிவமில்லாத வண்டிக்கு வேகம் ஒரு கேடா?" என்பான் மற்றவன். பழைய புல்லட் ஒன்றை வாங்க வேண்டும். அதை வெட்டி, நீட்டி, வளைத்துக் குரூசராக்கி ஓட்ட வேண்டும் என்ற ஆசை இருவருக்கும் உண்டு. கையிலிருக்கும் சொற்பப் பணத்தை எஞ்சினிலே கொட்டுவதா, எழிலிலே கொட்டுவதா என்பதிலேதான் தகராறு.

இந்த வழக்கிலே நான் நடுவன் அல்லன். அழகுக் கட்சிக்காரன். அதுமட்டுமா? அந்தக் கட்சியின் சார்பிலே, வைட்டிலாச் சந்திப்பிலே, ஊரார் காண விழுந்து எழுந்தவன். ஆகவே இரண்டு வார்த்தை பேச எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

முதலிலே வேகக் கட்சிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். குரூசர் என்பது என்ன? தாழ்ந்த இருக்கை, உயர்ந்த கைப்பிடி, முன்னே நீட்டிய கால், நீண்ட உடல். அதிலே அமர்பவன் அரியணையில் அமர்வதுபோல நெஞ்சை நிமிர்த்தி அமர்கிறான். அந்த நெஞ்சுதான் பாய்மரம்! எதிர்க்காற்று முழுவதும் அதிலே மோதுகிறது. வேகம் இரண்டு மடங்கானால், காற்றைப் பிளக்கத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிறது என்பது நமது பாடப்புத்தகத்திலேயே இருக்கும் கணக்கு. வேகம் வேண்டுபவன் குனிய வேண்டும், ஒடுங்க வேண்டும், வயிற்றை எண்ணெய்த் தொட்டியோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். நிமிர்ந்தும் உட்காருவேன், பறக்கவும் பறப்பேன் என்றால் காற்று ஒப்புக்கொள்ளாது.

வேகத்துக்காகவே ஒரு வண்டியைத் திருத்தித் திருத்திக் கிழவரான மனிதர் ஒருவர் உண்டு. நியூசிலாந்துக்காரர், பர்ட் மன்றோ. 1920-ஆம் ஆண்டு இந்தியன் ஸ்கௌட் மோட்டார் சைக்கிளை வாங்கி, பிஸ்டனைத் தம் கையாலேயே வார்த்து, ஆண்டுக்கணக்கில் அதனோடே மல்லாடினார். 1967-இல், தமது 68-ஆம் வயதிலே, அமெரிக்காவின் பானவில் உப்புவெளியில் மணிக்கு 296 கிலோமீட்டர் வேகத்தை எட்டி, 1000 சி.சி.க்குக் குறைந்த வண்டிகளின் வகையிலே சாதனை படைத்தார். அந்த வண்டியின் படத்தைப் பாருங்கள். மீனைப்போல ஒரு கூடு; அதற்குள்ளே படுத்துக் கிடக்கிறார் மனிதர். அவர் முகம் தெரிவதே அரிது. வேகத்திற்கென்று வண்டி செய்தால் அது அப்படித்தான் முடியும். அவருக்கு என் வணக்கம். ஆனால் அந்தக் கூட்டிலே ஏறிக்கொண்டு நான் வகுப்புக்கு வர இயலுமா?

நாம் வெட்டி நீட்ட விரும்பும் வண்டியோ வேறு குலம். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்பீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-இல் கைகோத்து, திருவொற்றியூரிலே வளர்த்த குழந்தை அது. தாய்நாட்டுத் தொழிற்சாலை 1970-ஐ ஒட்டி மூடிவிட்டது. நம் வடசென்னையிலே மட்டும் அந்த எஞ்சினின் நாடி நிற்கவில்லை. என் தாய்மாமன் அந்தத் திருவொற்றியூரிலே கடைசல் பட்டறை வைத்திருந்தவர். அவர் எனக்குக் கொடுத்தது 1986-ஆம் ஆண்டுப் புல்லட். 70 மில்லிமீட்டர் குறுக்களவு, 90 மில்லிமீட்டர் வீச்சு, 346 சி.சி., ஏறத்தாழ 18 குதிரை சக்தி. கியர் வலது காலிலே, பிரேக் இடது காலிலே. வீச்சு நீண்ட எஞ்சின் நிதானமாக மூச்சு விடும். மெதுவாக ஓடும்போதுதான் அதற்கு வலு. அதைப் பிடித்து, "ஓடு! ஓடு!" என்று முறுக்குவது, நாதசுரக்காரரிடம் போய் விசில் அடிக்கச் சொல்வது போன்றது.

சரி, எஞ்சினை விடுங்கள். சாலை என்ன சொல்கிறது?

வைட்டிலாவை அறியாதவர் நம்மிலே இல்லை. கேரளத்தின் மிகப் பெரிய நெரிசல் சந்திப்புகளிலே ஒன்று. தெற்கும் வடக்குமாகப் புறவழிச் சாலை, மேற்கே சகோதரன் அய்யப்பன் சாலை, கிழக்கே திருப்பூணித்துறை. 2011-இல் பேருந்து முனையம் வந்தது. 2019-இல் மெட்ரோ வந்தது. 2021 ஜனவரி 9 அன்று மேம்பாலம் திறந்தது. 2023 ஏப்ரலிலே காக்கநாட்டுக்குப் படகு மெட்ரோவும் வந்தது. இத்தனைக்குப் பிறகும் பாலத்தின் அடியிலே காலை ஒன்பது மணிக்கு நின்று பாருங்கள். நகர்வது எது, நிற்பது எது என்று பிரித்தறிவதற்கே தனிக் கண் வேண்டும்.

நான் அங்கே குடியிருந்து களமசேரிக்கு வந்து போகிறவன். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தடையே இல்லையென்று கற்பனை செய்தால், மணிக்கு 60 கிலோமீட்டரிலே வர 12 நிமிடம். 80-இலே வர 9 நிமிடம். மிச்சம் மூன்றே நிமிடம்! அந்த மூன்றையும் பாலாரிவட்டமும் இடப்பள்ளியும் பங்கு போட்டு வாங்கிக்கொள்ளும். அந்த மூன்று நிமிடத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? 60-க்கும் 80-க்கும் வண்டியின் இயக்க ஆற்றல் 9-க்கு 16 என்ற விகிதம். பிரேக்கை நினைத்துக் கை அசைய ஒரு நொடி ஆகிறது என்று வைத்தால், காய்ந்த சாலையிலே 60-இல் நிற்க ஏறத்தாழ 40 மீட்டர். 80-இலே 64 மீட்டர். இடையிலுள்ள 24 மீட்டரிலே யார் நடந்து கொண்டிருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. 2022-இல் இந்தியச் சாலைகளிலே இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களிலே இருசக்கர வண்டியில் போனவர்கள் 74,897 பேர். மொத்த மரணங்களிலே நூற்றுக்கு எழுபத்தொன்று அதிவேகத்தின் கணக்கிலே எழுதப்பட்டிருக்கிறது. கேரள அரசும் 2023 ஜூலை முதல் இருசக்கர வண்டியின் உச்ச வேகத்தை 70-இலிருந்து 60-ஆகக் குறைத்துவிட்டது. வேகந்தான் வேண்டுமென்றால், வைட்டிலாவில் மெட்ரோ ஏறுங்கள். பல்கலைக்கழக வாசலிலேயே இறக்கிவிடுகிறது.

இன்னொன்றும் சொல்வேன். அழகுக்குக் காண்பவன் வேண்டும். காண்பவனுக்கு நேரம் வேண்டும். எண்பதிலே பறப்பவனை யார் பார்க்கிறார்? ஒரு சத்தம், ஒரு புகை, அவ்வளவுதான். வைட்டிலா நெரிசலிலே பத்து கிலோமீட்டர் வேகத்திலே ஊர்பவனையோ, பேருந்திலே இருப்பவர் அத்தனை பேரும் பார்க்கிறார்கள்! குரூசர் என்ற கலைக்கு இதைவிடச் சிறந்த அரங்கம் கிடைக்குமா?

இப்படியெல்லாம் எண்ணித்தான் நான் இறங்கினேன். வேகக் கட்சியை வென்றுவிட்டேன் என்ற இறுமாப்போடு இறங்கினேன். என் அறைச் சுவரிலே ஒரு படம் ஒட்டியிருந்தேன். 1969-இல் வந்த "ஈசி ரைடர்" திரைப்படத்தின் வண்டி. காவல்துறை கழித்துவிட்ட ஹார்லிகளை வாங்கி, பென் ஹார்டி, கிளிஃப் வாஸ் என்ற கறுப்பின வல்லுநர்கள் உருவாக்கியது. ஈட்டிபோல நீண்ட முன் ஃபோர்க், கொம்புபோல உயர்ந்த ஹேண்டில்பார், முன்சக்கரத்திலே கண்ணை உறுத்தும் பிரேக் கூடக் கிடையாது. படத்தைப் பார்த்தேன், என் புல்லட்டைப் பார்த்தேன். பகுதிநேர வேலையிலே சேர்த்த முப்பத்தெட்டாயிரம் ரூபாயையும் பார்த்தேன். பட்டறைக்காரர் பெரியவர். "ஃபோர்க்கை நீட்டலாம் தம்பி, முன்பிரேக்கை மட்டும் எடுக்காதே" என்றார். கேட்டேனா? கலைக்கு முன்னே கம்பி எதற்கு என்றேன். மட்கார்டையும் கழற்றச் சொன்னேன். ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரிலே மட்கார்டைக் கழற்றியவன் எத்தகைய அறிவாளி என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். முதுகெலும்பு நெடுகச் சேற்றுக் கோலத்தோடு ஒரு மாதம் வகுப்புக்கு வந்தேன். பேராசிரியர் ஒருவர் என்னைப் பின்வரிசையிலே உட்காரச் சொன்னார். பின்வரிசை என்றால் முதுகு தெரியாதல்லவா?

ஃபோர்க்கை நீட்டிச் சாய்த்தால் நேர்சாலையிலே வண்டி அசையாமல் ஓடும், மெய்தான். ஆனால் மெதுவாகத் திருப்பும்போது முன்சக்கரம் தன் எடையாலேயே ஒரு பக்கம் சரியும். சுற்றித் திரும்ப இடமும் அதிகம் வேண்டும். பாலத்துக்கு அடியிலே முதல் நாள் திரும்பியபோதே, ஓர் ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "மோனே, இது வண்டியாணோ, வள்ளமாணோ?" என்றார். வள்ளத்துறை பக்கத்திலேதான் இருக்கிறது என்பதால் அந்தக் கேலி இன்னும் சுட்டது. நான் சிரித்துவிட்டுப் போனேன். எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூன் மாதம், இரண்டாம் வாரம். மழை விட்டிருந்தது, சாலை விடவில்லை. அதே திருப்பம். வேகம் இருபதுகூட இராது. பேருந்து ஒன்றின் பின்னாலிருந்து லாட்டரிச் சீட்டு விற்கும் முதியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். இடது காலை அழுத்தினேன். பின்சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை! நிறுத்தும்போது எடை முழுவதும் முன்னே சாய்கிறது. நிறுத்தும் வேலையிலே பெரும்பங்கு முன்சக்கரத்தினுடையது. தேர்விலே பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிய விடை இது. அந்த முன்சக்கரத்திலேதான் நான் ஒன்றும் வைத்திருக்கவில்லையே! வழுக்கிக்கொண்டே போய் அவர் சைக்கிளின் மேல் விழுந்தேன். அவர் முழங்காலிலே சிராய்ப்பு. பலகையிலே வரிசையாகக் குத்தியிருந்த சீட்டுகள் அத்தனையும் சேற்று நீரிலே மிதந்தன.

அவர் என்னை ஏசவில்லை. குனிந்து ஒவ்வொரு சீட்டாகப் பொறுக்கி, வேட்டி முனையிலே துடைத்து, இது விற்குமா விற்காதா என்று தனித்தனியே பிரித்து வைத்தார். நானும் குனிந்து பொறுக்கினேன். கெட்டுப்போன சீட்டுகளுக்குப் பணம் கொடுத்தேன். மருந்துக் கடைக்கும் அழைத்துச் சென்றேன். அந்த அரை மணி நேரத்திலே, நெரிசலிலே நின்ற பேருந்துகளிலிருந்து எல்லோரும் என் வண்டியைப் பார்த்தார்கள். நான் விரும்பிய அரங்கம்தான்!

செய்தி கேட்டு மாமா ரயிலேறி வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "கல்யாண வீட்டு வாழைமரம் மாதிரி கட்டி வெச்சிருக்கியேடா" என்றார். பிறகு, "ஓடுறப்போ எல்லா வண்டியும் ராஜாதான்டா. நிறுத்துறப்போதான் தெரியும், எது ராஜா, எது கூஜான்னு" என்றார். அவ்வளவுதான் கண்டனம். மறுநாள் காலையிலேயே பழைய ஃபோர்க்கைத் தேடிப் புறப்பட்டுவிட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அதன்பிறகுதான் படித்தேன்; படித்த வரிசை தவறு, ஒப்புக்கொள்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும் வகையிலே வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கிலே உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியிலே இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தப்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் தண்டம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதிவேகத்துக்கோ 1000 முதல் 2000 ரூபாய்! இதிலே எனக்கு மனக்குறை உண்டு. கைப்பிடியை இரண்டு அங்குலம் உயர்த்தியவனும் பிரேக்கைப் பிடுங்கி எறிந்தவனும் சட்டத்தின் முன்னே ஒரே வரிசையிலே நிற்பது எப்படி நியாயம்? எந்த மாற்றம் ஆபத்து, எது அலங்காரம் என்று சோதித்துச் சான்றளிக்க எளிய வழி ஒன்று வேண்டும். நம் இயந்திரவியல் துறை மாணவர்கள் இதைக் கோரிக்கையாகவே எழுப்பலாம். ஆனால் என் ஃபோர்க்கையும் பிரேக்கையும் காட்டி அந்தக் கோரிக்கையை எழுப்ப முடியாது. அவற்றுக்குத் தண்டம் விதித்திருந்தால் தகும் என்றே சொல்லியிருப்பேன்.

கட்சி மாறிவிட்டாயா என்று கேட்கிறார்கள் நண்பர்கள். மாறவில்லை. இன்றும் வேகத்துக்கு என் வாக்கு இல்லை. ஆனால் அழகு என்ற சொல்லுக்கு நான் கொண்ட பொருளிலே கொஞ்சம் மாற்றம். ஓட்டுபவனின் உடம்புக்கு ஏற்ற இருக்கை, கைக்கு எட்டும் கைப்பிடி, எஞ்சினின் மூச்சைக் கெடுக்காத சைலன்சர், பளபளவென்று தேய்த்த உலோகம், மழைக்கு மட்கார்டு, முன்னும் பின்னும் பிடிக்கும் பிரேக். இவையெல்லாம் சரியாக இருக்கும் பழைய வண்டியைப் பாருங்கள். நீட்டல் குறுக்கல் ஏதுமின்றியே நிமிர்ந்து நிற்கும்.

மாமா ஊருக்குத் திரும்பிவிட்டார். இப்போது என் புல்லட் பழைய உருவிலே வைட்டிலாவிலே நிற்கிறது. கரும்பச்சை வண்ணம் அடிக்க ஆசை. பதிவுப் புத்தகத்திலே கறுப்பு என்று இருக்கிறது. அதை முதலிலே மாற்றி எழுத விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். லாட்டரிக்காரர் அதே இடத்திலேதான் நிற்கிறார். காலையிலே அவரைக் கடக்கும்போது முன்பிரேக்கை ஒருமுறை பிடித்துக் காட்டுகிறேன். அவர் தலையசைத்து, ஒரு சீட்டை நீட்டுகிறார். இதுவரை ஒன்றும் விழவில்லை.