ஆறு வீட்டையும் ஓடியே முடிப்பதா?

ஆறுபடை வீட்டையும் இரண்டே நாளில் காட்டிவிடுவதாக வேன்காரர்கள் விளம்பரம் செய்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. முருகன் ஒருவன்தான், ஆனால் ஊருக்கு ஊர் கோலம் வேறு. பழநியில் கோவணாண்டி, சுவாமிமலையில் தகப்பனுக்கே பாடம் சொன்ன பிள்ளை. திருப்பரங்குன்றத்தில் தெய்வானையை மணந்த கோலத்தில் அமர்ந்திருக்கிறான். குடைவரையில் பாறையோடு பாறையாகச் செதுக்கிய திருமேனி என்பதால் அங்கே அபிஷேகம் அவனுக்கில்லை, வேலுக்குத்தான். பால் அந்த வேலில் வழிவதை நின்று பார்க்க நேரம் வேண்டாமா? சுவாமிமலையின் 60 படிகளுக்கும் தமிழ் வருஷங்களின் பெயர். நாம் பிறந்த வருஷத்துப் படியில் ஒரு நிமிஷமாவது நிற்கலாம். திருச்செந்தூரில் கடலாடாமல் திரும்புவது, என்னைக் கேட்டால், பாதி தரிசனம்தான். வருஷத்துக்கு ஒரு வீடு போதும். வயதானவர்களோடு திருத்தணி போகிறவர்கள் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தைத் தவிர்த்துச் சாதாரண நாளில் போங்கள்.