மணியோசை கேட்கும் தூரத்தில்

எந்த நாட்டுப் பண்டிகையாக இருந்தால் என்ன, அன்றைக்குக் கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவள் வீட்டுக்காரிதான். இங்கிலாந்திலும் இதே கதைதான். கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் முன்பே புட்டிங்கைக் கிளறி, ஆவியில் வேகவைத்து, மூடிக் கட்டி அலமாரியில் ஏற்றிவிட வேண்டும். பழக் கேக்கும் அப்படியே முன்கூட்டித் தயாராக வேண்டும். 25ஆம் தேதி பொழுது புலர்வதற்கு முன்பே எழுந்து, 5 கிலோ வான்கோழியை அடுப்பில் ஏற்ற வேண்டும். பிள்ளைகள், மருமக்கள், பேரக் குழந்தைகள், மைத்துனர் வீட்டார் எல்லாரும் வந்து, உண்டு, ‘பிரமாதம்!’ என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, குவிந்து கிடக்கும் பாத்திரங்களுக்கு நடுவே அந்த அம்மாள் உட்கார ஒரு நாற்காலியைத் தேடுவாள்.

இப்படி முப்பது நாற்பது வருஷம் நடத்தியாகிறது. பிள்ளைகள் ஆளுக்கொரு திசையாய்க் குடித்தனம் போய்விடுகிறார்கள். பிறகு ஏதோ ஒரு டிசம்பரில், கணவனும் மனைவியும் வீட்டைப் பூட்டிச் சாவியை அண்டை வீட்டில் கொடுத்துவிட்டு, ‘மோட்டார் ஹோம்’ என்கிற வீட்டு வண்டியில் ஏறித் தெற்கே கிளம்பிவிடுகிறார்கள். வண்டிக்குள்ளேயே படுக்கை உண்டு; காஸ் அடுப்பு உண்டு; சின்ன குளிர்ப்பெட்டி உண்டு; ஒருவர் நின்று திரும்புமளவுக்குக் குளியலறையும் உண்டு. வான்கோழி மட்டும் அந்த அடுப்பில் நுழையாது. அம்மாளுக்கு இந்த ஏற்பாட்டில் கிடைக்கும் முதல் லாபம் அதுதான்!

வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றிக்கொண்டு உல்லாசமாகப் போகும் இந்த வழக்கம் அந்த நாட்டாருக்குப் புதிதல்ல. வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்று ஒரு கடற்படை டாக்டர். ஓய்வு பெற்றபின் சிறுவர்களுக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தவர். அவர் 1885இல் ‘வாண்டரர்’ என்ற வண்டியைச் செய்வித்து, இரண்டு குதிரைகளைப் பூட்டி, தெற்கு இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் வரை போனார். இன்று குதிரைக்குப் பதில் டீசல் எஞ்சின். வழியும் நீண்டுவிட்டது. போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் வண்டியோடு கப்பலேறி, வட ஸ்பெயினில் சான்டான்டரில் இறங்கி, அந்த தேசத்தின் முதுகைக் கடந்து மத்தியதரைக் கடலோரம் போய்ச் சேருகிறார்கள்.

அப்படி எதைத் தேடிப் போகிறார்கள்? முதலாவது, வெளிச்சம். டிசம்பர் 21ஆம் தேதி லண்டனில் சூரியன் காலை 8 மணிக்குமேல் எழுந்து, மாலை 4 மணிக்குள் படுத்துவிடுகிறது. அதே நாளில் ஸ்பெயினின் தென்கிழக்கு மூலையிலுள்ள அல்மேரியாவில் சுமார் ஒன்பதரை மணி நேரம் பகல் இருக்கும். இரண்டாவது, அமைதி. வெளிச்சத்தைப் பற்றித் தகராறு இல்லை. அமைதி என்றால் என்ன என்பதில்தான் வண்டிக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டாகிவிடுகிறது.

ஐயாவின் கட்சி, ‘ஈ காக்கை இல்லாத இடம் வேண்டும்’ என்பது. கடலோரப் பாறை, எதிரே அலை, கையில் புத்தகம், பக்கத்தில் மனித வாடையே கூடாது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. அல்மேரியாவுக்கு அருகே காபோ தே காட்டா என்று அப்படி ஓர் இடமே இருக்கிறது. ஐரோப்பாவிலேயே மழை மிகக் குறைந்த பகுதிகளில் ஒன்று. எரிமலைப் பாறையும் கற்றாழையும் வெறுங் கடற்கரையுமாகக் கிடக்கிறது. ஆனால் அது 1987 முதல் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பூங்கா. நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி இரவு தங்கினால் அபராதம்தான். ஸ்பெயினில் மற்ற இடங்களிலும், வண்டியை ஒழுங்காக நிறுத்தியிருக்கும்வரை அது வாகனம். வெளியே நாற்காலியைப் போட்டுப் பந்தலை இழுத்துவிட்டால் அது முகாம்! முகாம் என்றால் அதற்கென்று அனுமதி பெற்ற இடத்துக்குப் போகவேண்டும். அடுத்த நாடான போர்ச்சுகலிலும் 2021இல் சட்டத்தை மாற்றி, முகாமுக்கு வெளியே ஒரே நகராட்சி எல்லைக்குள் 48 மணி நேரத்துக்குமேல் தங்கலாகாது என்றும், பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில் இரவு தங்கவே கூடாது என்றும் விதித்திருக்கிறார்கள்.

சட்டம் கிடக்கட்டும். அம்மாளின் கட்சியையும் கேட்க வேண்டுமல்லவா? ஐயாவுக்கு வயது 68 என்று வைத்துக்கொள்வோம். 24ஆம் தேதி நள்ளிரவில் அவருக்கு மார்பு அடைக்கிறது. ஐரோப்பா முழுவதற்கும் அவசர உதவி எண் 112 என்பது அம்மாளுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாறைக்குப் பின்னால் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்குமா? கிடைத்தாலும், இருட்டில் ‘நாங்கள் இன்ன இடத்தில் இருக்கிறோம்’ என்று வேற்று மொழியில் சொல்ல முடியுமா? ஈ காக்கை இல்லாத இடத்தில் உதவியும் இருக்காது என்பது அவள் வாதம். இதைப் பயந்த சுபாவம் என்று தள்ளிவிடக் கூடாது.

அப்படியானால் ஜனங்கள் நிறைந்த இடத்துக்கே போய்விடலாமே என்றால், அதற்கும் இடம் இருக்கிறது. பெனிடார்ம் பட்டணத்து முகாம்களில் குளிர்காலம் பூராவும் ஆங்கிலேயர், டச்சுக்காரர், ஜெர்மானியர் என்று நிரம்பி வழிகிறார்கள். மாதக்கணக்கில் இருப்பவர்கள் வண்டிக்கு முன்னால் பூந்தொட்டி வைத்து வேலியும் கட்டிவிடுகிறார்கள். தனியாக வரும் விதவை அம்மாள் ஒருத்திக்கு அது வரப்பிரசாதம். ஆனால் கூட்டத்திலிருந்து ஓடி வந்தவர்களுக்கு, ஊரில் விட்டுவந்த சந்தடி இங்கே முன்னதாகவே வந்து காத்திருந்த மாதிரி இருக்கும்.

ஆகவே தேட வேண்டியது நடுத்தரமான இடம்: ஒரு சிறு கிராமத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், வருஷம் முழுவதும் திறந்திருக்கிற சின்ன முகாம். கோயில் மணி காதில் விழ வேண்டும். கடைத்தெருவின் இரைச்சல் விழக் கூடாது. அதிலும் ஒரு விஷயத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. சில ஊர்களில் மாதாகோயில் கடிகாரம் ராத்திரி முழுவதும் அரை மணிக்கொரு தரம் அடிக்கும். பகலில் இன்பமாயிருக்கிற அதே மணி, விடியற்காலை மூன்றுக்கு அடிக்கும்போது யாருக்கும் பக்தி வருவதில்லை!

‘திறந்திருக்கிறோம்’ என்ற ஒரு வார்த்தையையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பிரான்சில் நகராட்சி நடத்துகிற முகாம்களில் பல, இலையுதிர் காலத்தில் பூட்டி வசந்தத்தில்தான் திறப்பவை. திறந்திருக்கும் முகாமிலும் குளியலறைகளில் பாதியைப் பூட்டிவிடுவது உண்டு. வெந்நீர் வருமா, குளியலறைக்குச் சூடேற்றம் உண்டா, 24ஆம் தேதி இரவு பொறுப்பாளர் அங்கேயே இருப்பாரா, வாசல் கதவு எத்தனை மணிக்கு அடைபடும் என்று தனித்தனியே கேட்டு எழுதினால் ஏமாற்றம் இராது.

இடம் பார்க்கும்போது சூரியனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டிசம்பர் கடைசியில் அல்மேரியாவில்கூட நடுப்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 30 டிகிரி உயரம்தான் ஏறுகிறது. முகாமுக்குத் தெற்கே ஒரு குன்று நின்றால் போதும்; கோடையில் சொர்க்கமாயிருந்த இடம் குளிர்காலத்தில் நாள் முழுவதும் நிழலில் கிடக்கும். பைன் மரத்தடியிலும் இதே கதை. பற்றாக்குறைக்கு அதன் பிசின் வண்டிக் கூரையில் சொட்டும். இலை உதிர்ந்த மரத்தடி தேவலை. தரை சரளைக் கல்லாக இருக்க வேண்டும். மூன்று மூன்றரை டன் கனமுள்ள வண்டி ஈரப் புல்லில் இறங்கிவிட்டால், கிறிஸ்துமஸ் தாத்தாவின் கலைமான்கள் வந்துதான் இழுக்க வேண்டும்.

இனி அடுப்பங்கரை விஷயத்துக்கு வருவோம். முகாமில் தரும் மின்சாரத்துக்கு அளவு உண்டு. 6 ஆம்பியர் என்றால், 230 வோல்ட்டில், 1,380 வாட்தான். 2,000 வாட் மின்கெட்டில் ஒன்றை வைத்தாலே சுவிட்சு விழுந்துவிடும். 10 ஆம்பியர் என்றால் 2,300 வாட். கெட்டில் கொதிக்கும், ஆனால் அதே சமயம் அறைச் சூடேற்றியைப் போட முடியாது. பண்டிகை நாளில் எல்லா வண்டிகளிலும் ஒரே நேரத்தில் சமையல் நடக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

காஸிலும் ஜாதி இருக்கிறது. பியூட்டேன் என்பது 0 டிகிரியை ஒட்டிய குளிரிலேயே ஆவியாக மறுத்துவிடும். சிலிண்டர் நிறைந்திருந்தாலும் அடுப்பு எரியாது. புரொபேனோ உறைநிலைக்கு 42 டிகிரி கீழே போகும்வரை ஆவியாகும். சான்டான்டரிலிருந்து தெற்கே வரும் வழியில் பூர்கோஸ் முதலிய மேட்டுநில ஊர்களில் டிசம்பர் இரவுகள் உறைநிலைக்குக் கீழே இறங்குவது சகஜம். ஆகவே முதல் இரண்டு மூன்று இரவுகளுக்காவது புரொபேன்தான் கை கொடுக்கும். குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரங்களைத் துணியால் அடைப்பதும், அறையைச் சூடாக்க அடுப்பைக் கொளுத்தி வைப்பதும் உயிருக்கே உலை. கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். அதைக் கண்டதும் கூவி எழுப்பும் சிறு கருவி வண்டியில் கட்டாயம் இருக்க வேண்டும்.

பஞ்சாங்கம் பார்க்காமல் பிரயாணம் கிளம்பலாமா? ஸ்பெயினின் பஞ்சாங்கம் வேறு. டிசம்பர் 6ஆம் தேதி அரசியல் சட்ட நாள், 8ஆம் தேதி மாதாவின் திருநாள். இரண்டையும் சேர்த்து விடுமுறை எடுத்துக்கொண்டு உள்ளூர்க் குடும்பங்களே முகாமுக்கு வந்துவிடும். மாறாக, 24ஆம் தேதி இரவு அவர்களுக்குக் குடும்ப விருந்து. எல்லாரும் வீட்டுக்குள் இருப்பார்கள், தெரு வெறிச்சோடிக் கிடக்கும். அன்று இரவு ஓட்டலை நம்பிப் போனால் பட்டினிதான். 25ஆம் தேதி கடையும் இராது. வருஷத்தின் கடைசி இரவில், மணி பன்னிரண்டு அடிக்க அடிக்க ஒவ்வொரு திராட்சையாகப் பன்னிரண்டு தின்று ஆரவாரம் செய்வார்கள். குழந்தைகளுக்குப் பரிசு தருகிறவர்கள் மூன்று ஞானியர். அவர்கள் ஜனவரி 5 மாலை மிட்டாயை வாரி இறைத்துக்கொண்டு ஊர்வலம் வருவார்கள். ஆக, அந்நியர் எதிர்பார்க்கும் கிறிஸ்துமஸ் இரவே அங்கே மிக அமைதியான இரவு. சந்தடி முன்னும் பின்னும்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2021 ஜனவரி 1 முதல், பிரிட்டிஷ் பிரஜைகள் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாளுக்குமேல் விசா இல்லாமல் தங்க முடியாது. போகிற நாளும் திரும்புகிற நாளும் அதில் சேர்த்தி. டிசம்பர் 1ஆம் தேதி நுழைந்தால் பிப்ரவரி 28 தொண்ணூறாவது நாள். அதற்குமுன் இலையுதிர் காலத்தில் பிரான்சில் பத்து நாள் சுற்றியிருந்தால் அதையும் கழிக்க வேண்டும். வீட்டுக் கணக்கு எழுதிப் பழகிய கைக்கு இது ஒரு பெரிய காரியமில்லை.

முகாமைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையே அம்மாளிடம் விட்டுவிடுவது உத்தமம் என்று எனக்குப் படுகிறது. ஐயா தேசப்படத்தில் கடலைப் பார்ப்பார். அவள் ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் எங்கே போகின்றன, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று பார்ப்பாள். கழிவறைக்குப் பக்கத்து இடம் வேண்டாம், ராத்திரியில் தடுமாறி நடக்கிற தூரமும் வேண்டாம் என்று அளந்து கேட்பாள். பேரக் குழந்தை பரிசுப் பொட்டலத்தைப் பிரிக்கிற நேரத்தில் அதன் குரலைக் கேட்கக் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்குமா என்பதை முதல் கேள்வியாகவே எழுதிவிடுவாள்.

கடைசிக் கேள்வியாக, ‘பண்டிகையன்று உங்கள் முகாமில் வேறு எத்தனை வண்டிகள் இருக்கும்?’ என்று கேட்கட்டும். ‘நாற்பது’ என்று பதில் வந்தால் ஐயாவுக்குப் பிடிக்காது. ‘நீங்கள் ஒருவர்தான்’ என்று வந்தால் அவளுக்குத் தூக்கம் வராது. ‘நாலைந்து வண்டி, எல்லாரும் உங்களைப் போலத்தான்’ என்று வந்தால், தயங்காமல் முன்பணத்தை அனுப்பிவிடலாம். இருட்டிய பிறகு ஜன்னல் திரையை விலக்கினால் நாலு வண்டி தள்ளி ஒரு விளக்கு தெரியும். பேச்சுச் சத்தம் கேட்காது. அன்று கழுவ வேண்டிய தட்டு இரண்டே இரண்டு; அதையும் ஐயா கழுவட்டும்.