பந்தல் யார் படைப்பு?

கலை மனிதனுக்கு மட்டுமே உரியது என்று நெடுங்காலமாகப் பெருமை பேசி வருகிறோம். அப்பெருமையை அசைத்துப் பார்க்கும் பறவைகள் சில ஆஸ்திரேலியாவிலும் நியூகினித் தீவிலும் வாழ்கின்றன. பந்தல் அமைத்துத் துணையை அழைப்பதால் அவற்றைப் பந்தற் பறவைகள் எனலாம்.

நம் நாட்டுத் தூக்கணாங்குருவியை அறியாதார் இல்லை. ஆண் குருவி பாதிக் கூட்டைப் பின்னிவைக்கும். பெண் வந்து பார்த்துப் பிடித்தால் ஏற்கும். பின்னர் அக்கூட்டிலேயே முட்டையிடும். பந்தற் பறவையின் பந்தலோ குடியிருக்கும் வீடு அன்று. காட்டுவதற்கென்றே கட்டிய மேடை.

கிழக்கு ஆஸ்திரேலியக் காடுகளில் வாழும் இனம் ஒன்றில் ஆண் கருநீலம்; பெண் பசுமை. ஆண் சுள்ளிகளை நிலத்தில் ஊன்றி இரு சுவர்களை எழுப்புகிறது. முன்றிலில் கிளியின் நீல இறகுகளையும் நீல மலர்களையும் பரப்புகிறது. இன்று நீலப் பிளாஸ்டிக் மூடிகளும் அங்கே இடம் பெறுகின்றன. இலைதழைகளை மென்று அச்சாற்றைச் சுவரில் பூசுகிறது.

வட ஆஸ்திரேலியாவில் வாழும் பெரிய இனமோ கற்களையும் எலும்புகளையும் அளவு பார்த்து அடுக்குகிறது. சிறியவை பந்தலுக்கு அருகில், பெரியவை தொலைவில். ஜான் எண்ட்லர் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் அவ்வரிசையைத் தலைகீழாக மாற்றி வைத்தனர். மூன்றே நாட்களில் ஆண் பறவைகள் பழைய ஒழுங்கை மீட்டுவிட்டன. இவ்வாய்வு 2010ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இவற்றை அறிந்தோர் ஆண் பறவையை வியந்து, “எத்துணைச் சிறந்த கலைஞன்!” என்கின்றனர். புகழில் பாதி பெண்ணுக்கு உரியது என்பது என் துணிபு.

அவ்வரிசையின் தோற்றம் யார் கண்ணுக்கு விருந்து? பந்தலுக்குள் நின்று நோக்கும் பெண்ணின் கண்ணுக்கு அன்றோ? பெண் பறவை பல பந்தல்களுக்குச் சென்று பார்த்தே ஒன்றைத் தேர்கிறது. ஆண்களுள் சிலவே பல பெண்களால் ஏற்கப்படுகின்றன. ஏனையவை வெறும் பந்தலோடு நிற்கின்றன. பெண் ஏற்றது தலைமுறைதோறும் நிலைத்தது, மறுத்தது மறைந்தது. சுவர் ஆண் எழுப்பியது, அளவுகோல் பெண்ணுடையது.

இக்கருத்துக்கு வித்திட்டவர் டார்வின். ஆணின் அணிகலன்கள் பெண்ணின் தேர்வால் வளர்ந்தவை என்று 1871இல் அவர் எழுதினார். இயற்கைத் தேர்வை அவரோடு கண்டறிந்த வாலஸ்கூட அதனை ஏற்கவில்லை. பின்னாளில் ஆய்வாளர்கள் பெண் பறவையைப் போன்ற இயந்திரப் பொம்மையைச் செய்து ஆணின் முன் வைத்தனர். பெண் மிரளும் குறிப்பறிந்து ஆட்டத்தின் வேகத்தை அடக்கிக்கொண்ட ஆண்களே துணை தேடுவதில் மிகுதியும் வெற்றி பெற்றன என்று 2002இல் வெளியிட்டனர். ஆட்டத்திலும் பெண்ணின் குறிப்பே ஆட்சி செய்கிறது.

“பெண்ணின் தேர்வு வெறும் இயல்பூக்கம், அதில் சுவையறிவு ஏது?” என்று சிலர் வினவலாம். அங்ஙனமாயின் ஆணின் கட்டடமும் இயல்பூக்கமே. ஆணுக்குக் கலை என்றும் பெண்ணுக்கு இயல்பூக்கம் என்றும் இரு தராசு பிடித்தல் நீதியன்று.

இன்னொன்றும் உண்டு. கூடிய பின்னர் ஆணுக்கு அடுத்த பெண்ணை அழைப்பதே வேலை. பெண் தனியே மரத்தில் கூடு கட்டி, அடைகாத்து, குஞ்சுக்கு இரை ஊட்டுகிறது. எளிய அந்தக் கூட்டைப் பாடுவார் இல்லை. நீல மலர் தூவிய பந்தலையே உலகம் பாடுகிறது!

பறவையைப் பார்த்து மனிதன் ஒழுக்கம் கற்கவேண்டும் என்று நான் கூறவில்லை. அண்டைப் பந்தலின் பொருளைத் திருடுவதும் அதனைக் குலைப்பதும் அங்கே அன்றாட நிகழ்ச்சிகள். நான் வேண்டுவது நோக்குவோரின் நடுவுநிலைமை ஒன்றே. உயிரியல் பயிலும் நம் மாணவ மாணவியர், ஆடுவதைக் குறிக்கும் ஏட்டிலேயே அமைதியாக நின்று தேர்வதையும் குறித்துக்கொள்வாராக.