மேற்கோள் ஓர் அமானிதம்

ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவர் பலர் கடைசி இரவிற்கென ஒதுக்கி வைக்கும் பணி ஒன்றுண்டு. அது துணைநூற்பட்டியல் தயாரிப்பு. கட்டுரைக்கு மாதக்கணக்கில் உழைத்தவர், அதன் வேர்ப்பகுதிக்கு ஒரு நாழிகையே அளிக்கின்றார். ஆசிரியர் பெயர் இருக்கும், ஆண்டு இராது. ஆண்டு இருக்கும், பதிப்பகம் இராது. எல்லாம் இருப்பினும் பக்க எண் பிழையாக இருக்கும். இதனைச் சிறு குறையென ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை. பிறர் உழைப்பில் விளைந்த கருத்து, நம் கைக்கு வரும்போது அமானிதமாகவே வருகின்றது. அதனை உரியவர் பெயரோடு ஒப்படைப்பது நம் கடமையாகும்.

சான்று சொல்லும் மரபு தமிழுக்குப் புதிதன்று. தமக்கு முன்னிருந்தோர் கருத்து இது எனக் காட்டுவதற்குத் தொல்காப்பியர் 'என்ப' என்னும் சொல்லைப் பல இடங்களில் ஆள்கின்றார். பின்வந்த உரையாசிரியர்களும் மேற்கோள்களை வாரி வழங்கினர். ஆயினும், பல இடங்களில் நூற்பெயரைச் சுட்டாமலே அடிகளை மட்டும் எடுத்தாண்டனர். அக்காலத்து மாணாக்கர்க்கு அந்நூல்கள் மனப்பாடம்; ஆதலால் பெயர் சொல்ல வேண்டிய தேவை எழவில்லை. நூல்கள் வழக்கொழிந்தபின் வந்தோர்க்கோ அது பெரும் இடராயிற்று. 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் உரையில் கண்ட மேற்கோள்கள் எந்நூலைச் சார்ந்தவை எனத் தேடி அலைந்த வரலாற்றைத் தமிழுலகம் அறியும். ஒரு பெயர் சொல்லப்படாமையால் பிற்கால அறிஞர் ஒருவர் பட்ட பாடு அது.

இதற்கு மறுதலையான சான்றும் நம்மிடம் உண்டு. புறத்திரட்டு என்னும் தொகைநூலைத் தொகுத்தவர் யாரெனத் தெரியவில்லை. ஆயின், அவர் திரட்டிய பாடல்கள் எந்தெந்த நூலுக்குரியவை என்னும் குறிப்பு அதில் இடம்பெற்றது. அதன் பயன் யாது? முத்தொள்ளாயிரம் முழுமையாக நமக்குக் கிட்டவில்லை. எனினும் அதன் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் இத்தொகையால் பிழைத்தன. வளையாபதி, குண்டலகேசிப் பாடல்களும் அவ்வாறே பிழைத்தன. தம் பெயரை விட்டுச் செல்லாத ஒருவர், பிறர் நூற்பெயரை மறவாது குறித்ததனால் இலக்கியம் வாழ்ந்தது.

ஹதீஸ் கலையை அறிந்தோர்க்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அங்கே செய்தியின் வாசகம் 'மத்னு' எனப்படும். அதனை யார் யாரிடமிருந்து கேட்டார் என்னும் தொடர் 'இஸ்னாது' எனப்படும். வாசகம் எத்துணை அழகியதாயினும், அறிவிப்பாளர் தொடரில் ஒரு கண்ணி அறுந்தால் அதன் தரம் குறையும். 'யார் சொன்னது? உமக்கு எவ்வாறு தெரியும்?' என்னும் கேள்விகளை ஒரு தனிக் கலையாகவே வளர்த்த மரபு அது. அம்மரபைப் போற்றும் சமுதாயத்தின் பிள்ளைகள் ஆய்வேட்டில் அரைகுறைச் சான்று தருதல் பொருந்துமா?

இன்று இதழ்கள் பலவும் மேலைநாட்டு முறைகளைப் பின்பற்றுமாறு கேட்கின்றன. சிகாகோ கையேடு 1906இல் முதன்முதல் வெளிவந்தது. அமெரிக்க உளவியல் கழகத்தின் முறை 1929இல் ஏழு பக்கக் கட்டுரையாகத் தொடங்கி, 2019இல் ஏழாம் பதிப்பைக் கண்டது. இவற்றைக் கற்றல் நன்று. ஆயின், கண்மூடிப் பின்பற்றுதல் தீது. குடும்பப் பெயரை முன்னும் இயற்பெயரைப் பின்னும் எழுதுவது அவர்தம் வழக்கம். நம்மவர்க்குக் குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. 'அப்துல் கரீம்' என்னும் பெயரை இரண்டாகப் பிளந்து 'கரீம், அப்துல்' என எழுதுவோரைக் காண்கிறோம். 'கரீமின் அடியான்' என்னும் ஒரே பெயர் அது. பிளந்தால் பொருளே சிதையும். தலைப்பெழுத்தை மட்டும் பின்னே நிறுத்திப் பெயரை முழுமையாக எழுதுவதே முறை.

எழுத்துக்கூட்டலும் இத்தகையதே. 1842இல் சீறாப்புராணத்தை முதன்முதல் அச்சேற்றிய செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவரின் பெயரைச் 'செய்கு' என்று ஒருவர் தொடங்குவார். 'ஷெய்கு' என்று மற்றொருவர் தொடங்குவார். 'நெய்னார்' என்றும் எழுதுவர். அகரவரிசைப் பட்டியலில் ஒரே புலவர் வெவ்வேறு மனிதராகச் சிதறிப்போவார். நூலின் முகப்பில் உள்ளவாறே பெயரை எழுதி, பிற வடிவங்களையும் உடன் சுட்டினால் இவ்விடர் தீரும்.

இலக்கிய மேற்கோளுக்குப் பக்க எண் மட்டும் போதாது என்பதையும் மாணவர் உணர்தல் வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும். சீறாவாயின் காண்டம், படலம், பாடல் எண்; புறநானூறாயின் பாட்டெண், அடி எண்; இவையே நிலையானவை. தொல்காப்பிய நூற்பா எண்ணோ உரைக்கு உரை வேறுபடும். ஆதலின் இளம்பூரணமா, நச்சினார்க்கினியமா எனச் சொல்லியாக வேண்டும். மறுபதிப்பைப் பார்த்து எழுதுவோர், கைக்கொண்ட பதிப்பின் ஆண்டோடு முதற்பதிப்பின் ஆண்டையும் தருதல் நலம். இன்றேல், நூறாண்டுக்கு முந்தைய கருத்து நேற்றுப் பிறந்ததாகத் தோன்றும்.

மூலநூலைக் காணாமல், மற்றவர் எடுத்தாண்டதைப் பார்த்து மூலத்தைக் கண்டதுபோல் காட்டுவது இன்னொரு பிழை. முன்னவர் செய்த அச்சுப்பிழையும் அப்படியே தொடரும். திருட்டும் அதனாலேயே வெளிப்படும். 'இன்னார் நூலில் எடுத்தாளப்பட்டது' என்று எழுதுவதில் இழுக்கொன்றும் இல்லை. இக்காலத்தில் வேறோர் ஆபத்தும் சேர்ந்துள்ளது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், இல்லாத நூலுக்கும் ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் புனைந்து தரக்கூடியன. புள்ளியும் காற்புள்ளியும் பிழையின்றி அமைந்திருக்கும். நூல்தான் உலகில் இராது. கண்ணால் காணாத நூலைப் பட்டியலில் சேர்ப்பது பொய்ச்சாட்சி சொல்வதற்கு ஒப்பாகும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வகுத்த விதிகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை அறுபது விழுக்காட்டைக் கடந்தால் ஆய்வாளரின் பதிவே நீக்கப்படும். முறையாகச் சான்று காட்டிய மேற்கோள் அக்கணக்கில் சேர்வதில்லை. எனவே சான்று காட்டுதல் மாணவர்க்குக் காப்பும் ஆகின்றது. ஆயினும், தண்டனைக்கு அஞ்சி மட்டும் நேர்மை பேணுவது சிறப்பன்று.

நாம் வேண்டுவன சிலவே. இளங்கலை முதலாண்டிலேயே மேற்கோள் முறைக்கெனச் சில வகுப்புகளை ஒதுக்க வேண்டும். தமிழ்த்துறைகள் ஒன்றுகூடி, நம் பெயர் மரபுக்கும் நூல் மரபுக்கும் ஏற்ற ஒரே முறையை வகுத்துக்கொள்ள வேண்டும். நெறியாளர்கள் ஒப்பமிடுமுன் பட்டியலில் பத்து நூல்களையேனும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். இல்லங்களில் பழைய நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் வைத்திருக்கும் பெரியோர், அவற்றைக் கல்லூரி நூலகத்திற்கு வழங்கினால் மாணவர்க்கு மூலத்தைக் காணும் பேறு கிட்டும்.

மாணவச் செல்வங்களே! நூலைக் கையில் எடுத்த அன்றே அதன் முகப்புப் பக்கத்தைக் குறித்து வையுங்கள். நாளை உங்கள் கட்டுரையையும் ஒருவர் எடுத்தாளுவார். அவர் உங்கள் பெயரை மறவாதிருக்க வேண்டும் என்று விரும்பினால், இன்று பிறர் பெயரை நீங்கள் மறவாதிருங்கள்.