எண்ணாமல் வெட்டலாமா?

பால்மரத்தில் உளி வைத்த கைக்கு, ஒரு மரத்திடம் எவ்வளவு கேட்கலாம் என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பட்டையைச் சீவலாம், அதற்கு உள்ளே மரத்தை ஒட்டியிருக்கும் வழுவழுப்பான தோலைத் தொடக் கூடாது. தொட்டால் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அடுத்த சுற்றில் உளி ஓடாது. "மரத்தைக் கொன்னுட்டு நாளைக்கு எதைடா வெட்டுவே?" என்று கங்காணிகள் நிரையில் நின்று கத்தியதெல்லாம் இதற்காகத்தான்.

இந்தப் பாடம் பிறந்த ஊர் சிங்கப்பூர். அதற்கு முன்னால் இதே ஊர் வேறொரு பாடமும் படித்தது. கட்டா பெர்ச்சா என்றொரு காட்டு மரம் இங்கே இருந்தது. அதன் பிசினை 1843ல் டாக்டர் மான்ட்கோமரி லண்டனுக்கு அனுப்பி வைத்தார். கடலுக்கடியில் தந்திக் கம்பி போடுவதற்கு அதைவிடச் சிறந்த உறை இல்லை என்று தெரிந்ததும் விலை ஏறியது. மரத்தை அடியோடு சாய்த்து, தண்டில் வளையம் வளையமாக வெட்டிப் பிசின் எடுத்தார்கள். 1850கள் முடிவதற்குள் சிங்கப்பூரில் வெட்ட மரம் இல்லை. பிறகு அருகிலிருந்த நாடுகளுக்குப் போனார்கள். அங்கேயும் அதே கதை.

1877ல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888ல் தாவரவியல் பூங்காவுக்குத் தலைவராக வந்த ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் ஒரே வெட்டுக்காயத்தை மெல்லியதாகத் திரும்பத் திரும்பச் சீவிப் பால் எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். செம்பவாங்கிலும் நீ சூனிலும் ஜொகூரிலும் நம் தாத்தாவும் பாட்டியும் விடியுமுன் வாளியோடு போனது இந்த வழியில்தான். ஒரு மரம் சாய்த்ததோடு செத்தது. இன்னொரு மரம் முப்பது ஆண்டு சோறு போட்டது. வித்தியாசம் மரத்தில் இல்லை, எடுத்த விதத்தில் இருந்தது.

இத்தனையும் எதற்கு என்றால், காட்டு மரத்துக்கும் இந்தக் கேள்வி இப்போது வந்து நிற்கிறது. காட்டில் பால் எடுப்பதில்லை, மரத்தையே எடுக்கிறார்கள். அப்புறம் எப்படிக் காயம் படாமல் எடுப்பது? காடு முழுவதையும் ஒரே மரமாக நினைத்துக்கொண்டால் விளங்கும். முற்றிய பெருமரங்கள் பட்டை. கன்றும் நடுத்தர மரமும் உள்தோல். பட்டையை எடு, தோலைத் தொடாதே. தெரிந்தெடுத்து வெட்டுதல் என்று வன இலாகா சொல்வது, சாரத்தில் இவ்வளவுதான்.

சொல்வது சுலபம். எது பட்டை, எது தோல், போன பட்டை எத்தனை ஆண்டில் திரும்பும் என்று காட்டில் யார் சொல்வது? பால்மரத்தில் வாரம் தவறாமல் கண்ணால் பார்க்கிறோம். மெராந்தியும் செங்காலும் ஒரு மனிதனின் ஆயுளைவிட மெதுவாக வளர்கிறவை. ஆகவேதான் ஆராய்ச்சி வேண்டும் என்கிறோம். அதுவும் மூன்று வருடப் பணம் வாங்கி, அறிக்கை போட்டுவிட்டுப் போகிற ஆராய்ச்சி அல்ல. ஒரே மரத்தைப் பத்து, இருபது, நாற்பது ஆண்டு திரும்பத் திரும்ப அளக்கிற ஆராய்ச்சி.

மலாயாவில் 1948ல் ஒரு முறை கொண்டுவந்தார்கள். பள்ளக்காட்டில் விற்கத் தகுந்த பெருமரங்களை ஒரே தடவையில் வெட்டிவிடுவது. விலை போகாத மரங்களுக்கு விஷம் வைப்பது. வெளிச்சம் பட்டுக் கீழே இருக்கும் கன்றுகள் எழும்ப, எழுபது ஆண்டு காத்திருப்பது. முறை சரியா தவறா என்று தெரிவதற்கே எழுபது ஆண்டு வேண்டும். காத்திருக்க விட்டார்களா? 1956ல் பெல்டா வந்தது. பள்ளக்காட்டு நிலம் ரப்பருக்கும் செம்பனைக்கும் போயிற்று. எழுபது ஆண்டுக் கணக்கு முதல் சில பக்கங்களோடு நின்றது. நிலமில்லாதவனுக்கு நிலம் கொடுத்ததை நாம் குறை சொல்லவில்லை. பாதியில் நின்ற கணக்கு அது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

எஞ்சியது மலைக்காடு. அதற்காக 1978ல் வேறு முறை வந்தது. வெட்டுமுன் எண்ண வேண்டும். மெராந்தி இனத்தில் மார்பளவு உயரத்தில் 50 செண்டிமீட்டர் விட்டத்துக்குக் குறைந்ததைத் தொடக் கூடாது. மற்ற இனத்தில் 45. வெட்டிய பிறகு ஹெக்டருக்கு, அதாவது இரண்டரை ஏக்கருக்கு, நல்ல நடுத்தர மரங்கள் 32 ஆவது நிற்க வேண்டும். முப்பது ஆண்டு கழித்துத் திரும்பி வரலாம். காகிதத்தில் அருமையான சட்டம். ஆனால் அந்த முப்பது எங்கிருந்து வந்தது? வெட்டிய காட்டில் மரம் ஆண்டுக்கு முக்கால் செண்டிமீட்டருக்கு மேல், ஒரு செண்டிமீட்டர் வரையில் பருக்கும் என்று எண்ணி வைத்த கணக்கிலிருந்து வந்தது. மலைச்சரிவுகளில் பல இடங்களில் அந்த வேகம் இல்லை என்று பின்னால் அளந்தவர்கள் கண்டார்கள். பாதி வேகம்தான் என்றால் முப்பது அறுபதாகும். நம் பிள்ளைகள் நான்காம் வகுப்பில் போடுகிற கணக்கு இது.

1978க்குப் பிறகு இந்தச் சட்டப்படி முதலில் வெட்டிய காடுகளுக்கு, 2008 முதலே இரண்டாம் தவணை வந்துகொண்டிருக்கிறது. தேதி வந்துவிட்டது என்பதற்காகப் பாலாக் லாரி மறுபடி உள்ளே போகலாமா, அல்லது மரம் திரும்பி வந்துவிட்டதா என்று முதலில் எண்ணிப் பார்ப்பதா? ஏட்டில் உள்ள தேதியைப் பார்த்து வெட்டுவது, பட்டை திரும்புமுன் உளி போடுகிற தோட்டத்து வேலையைப் போன்றதுதான். முதல் மாதம் பால் கூடும். அப்புறம்?

எண்ணுகிற வேலை நடக்கிற இடங்கள் உண்டு. நம் கண்ணெதிரே புக்கிட் தீமாவில் ஒன்று. சிங்கப்பூர்க் காடு கம்பியருக்கும் மிளகுக்கும் விறகுக்கும் போன பின், மிச்சம் என்ன இருக்கிறது என்று 1883ல் காண்ட்லி என்ற அதிகாரி அறிக்கை எழுதினார். அதற்குப் பிறகு ஒதுக்கப்பட்ட காடுகளில் ஒன்று இது. 1980களில் விரைவுச்சாலை வந்து பக்கத்துக் காட்டிலிருந்து இதை அறுத்துவிட்டது. 2013ல்தான் விலங்குகள் கடந்து போகப் பாலம் கட்டினார்கள். அந்தக் குன்றில் 1993ல் இரண்டு ஹெக்டர் நிலத்தை அளந்து வைத்து, தேசியக் கல்விக் கழகமும் ஸ்மித்சோனியனும் சேர்ந்து, சுண்டுவிரல் பருமனுள்ள கன்று வரையில் ஒவ்வொன்றுக்கும் எண் தகடு கட்டினார்கள். ஏறக்குறைய 12,000 மரங்கள். முந்நூறுக்கு மேற்பட்ட இனங்கள். மூன்று காற்பந்துத் திடல்கூட வராத இடத்தில்!

பெரிய கணக்கு நெகிரி செம்பிலானில், சிம்பாங் பெர்த்தாங் அருகே பாசோ காட்டில் நடக்கிறது. 1985ல் தொடங்கி 50 ஹெக்டரில் 335,000 மரங்களுக்கு மேல் எண்ணினார்கள். எண்ணூறுக்கு மேற்பட்ட இனங்கள். கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகம் முன்னின்று, ஐந்தைந்து ஆண்டுக்கு ஒரு தடவை அதே மரத்துக்குத் திரும்பிப் போய் நாடா பிடிக்கிறது. எது வளர்ந்தது, எது செத்தது, எது புதிதாக வந்தது என்று குறிக்கிறார்கள். கட்டியம் கூறாத வேலை. எறும்புக் கடியும் அட்டைக் கடியும் சேர்ந்த வேலை.

இதில் கிடைத்தது என்ன? மெராந்தி இனம் வருடா வருடம் பூப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, எப்போது என்று சொல்ல முடியாதபடி, காடே சேர்ந்தாற்போல் பூத்துக் காய்க்கும். விதை நெல்லைப் போல எடுத்து வைக்கவும் முடியாது. உடனே முளைக்காவிட்டால் செத்துப்போகும். ஆக, காய்ப்பு வருமுன் தாய்மரங்களை எடுத்துவிட்டால், அடுத்த தலைமுறைக்கு விதையே விழாது. மூன்று வருட ஆராய்ச்சிக்காரர் ஒரு பூவைக்கூடப் பார்க்காமல் வீடு திரும்பலாம்! அதே காட்டில் 1950களில் மரம் வெட்டிய பகுதியை நாற்பது ஆண்டு கழித்து அளந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைதான். உள்ளே, பழங்காட்டைப் போல் உயரமும் மேடுபள்ளமுமாக உச்சி இல்லை. நடுத்தர மரங்கள் நெருக்கி நிற்க, பெரிய தலைகள் குறைவு. பச்சையாக இருப்பதெல்லாம் திரும்பிவிட்ட காடு என்று எண்ணுவோருக்கு இது பதில்.

தோட்டத்து அன்பர்கள் காது கொடுக்க வேண்டிய செய்தி இனிமேல்தான். பாசோ காட்டின் மூன்று பக்கமும் செம்பனை. உதிர்ந்து கிடக்கும் பழத்தைத் தின்ன இரவில் காட்டுப்பன்றி தோட்டத்துக்கு வந்தது. தின்று பெருகியது. குட்டி போடக் காட்டுக்குள் திரும்பிப் போனபோது, கூடு கட்ட இளங்கன்றுகளை நூற்றுக்கணக்கில் முறித்துக் குவித்தது. 2017ல் வெளிவந்த ஆய்வு, 24 ஆண்டுக் கணக்கைப் புரட்டிப் பார்த்து, கன்றுகளின் அடர்த்தி நூற்றுக்கு 62 குறைந்ததாகச் சொல்லியது. யாரும் கோடரி எடுக்கவில்லை. ஒரு மரமும் சாய்க்கப்படவில்லை. இருந்தும் காட்டின் உள்தோல் சீவப்பட்டுவிட்டது. முன்பே எண்ணி வைத்த ஏடு இல்லாவிட்டால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்? காட்டைப் பார்த்தால் நிழலாகத்தான் இருந்திருக்கும்.

செம்பனைக் காட்டில் பன்றி வருகிறது என்பதை ஆய்வாளருக்கு முன்பே அறிந்தவர் தொழிலாளி. அவரை யாரும் கேட்பதில்லை; அது வேறு விஷயம். ஆனால் உதிரிப் பழம் ஏன் தரையில் கிடக்கிறது என்பதையும் அவரே அறிவார். குலை வெட்டுகிறவருக்கு ஒரு கூலி, உதிரி பொறுக்குகிறவருக்கு அதைவிடக் கீழான கூலி. முதுகு ஒடியக் குனிந்து பொறுக்குவது பெரும்பாலும் பெண்கள் வேலை. மூட்டைக்குக் காசு குறைந்தால், தூரத்து நிரையில் பழம் கிடந்தபடியே கிடக்கும். அந்தப் பழம் ஆலைக்கு வரவில்லை என்றால் பன்றி வயிற்றுக்குப் போகிறது. காட்டைக் காப்பதைப் பற்றிப் பெரிய மேடைகளில் பேசுகிறவர்கள், இந்த மூட்டைக் கூலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை.

சிங்கப்பூரில் இருக்கிற நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். தேக்காவுக்குச் சாமான் வாங்கப் போகிறபோது ஐந்தடி நடைபாதையில் நின்று மேலே பாருங்கள். (தேக்காவுக்கும் தேக்கு மரத்துக்கும் சம்பந்தம் இல்லை, கால்வாயோரம் இருந்த மூங்கிலை வைத்துச் சீனர் இட்ட பெயர் அது.) 1989ல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட அந்தக் கடைவீடுகளின் உத்தரமும் மாடித் தரையும் மலாயாக் காடு கொடுத்தவை. ஒரு காலத்தில் காலாங் ஆற்றோரமும் பிறகு சுங்கை காடூட்டிலும் மர ஆலைகள் ஓடின. தீபகற்ப மலேசியா 1985ல் உருட்டு மர ஏற்றுமதியை அடியோடு நிறுத்தியது. அதற்காக நாம் பலகை வாங்குவதை நிறுத்திவிட்டோமா? கதவும் கட்டிலும் இன்னமும் ஏதோ ஒரு காட்டிலிருந்துதான் வருகின்றன. சொந்தக் காட்டைத் தின்று தீர்த்த ஊருக்கு, பலகை எந்தக் காட்டிலிருந்து வந்தது, அங்கே எண்ணினார்களா என்று கேட்கிற கடமை மற்றவர்களைவிட அதிகம்.

இதில் நம் பால்மரத்துக்கும் பங்கு உண்டு. பால் வற்றிய மரத்தை முன்பெல்லாம் புகைக்கூடத்துக்கு விறகாக எரித்தார்கள். இப்போது அது மேசை, நாற்காலி ஆகிறது. காட்டில் ஒரு மரத்தைக் காப்பாற்றுகிறது என்றால் மகிழ்ச்சிதான். ஆனால் ரப்பரை அழித்துச் செம்பனை வைக்க வைக்க, அந்தப் பலகையும் குறையும். கண் மறுபடி காட்டுப் பக்கம் திரும்பும்.

வன இலாகாக்களுக்கும் கம்பெனிகளுக்கும் நாம் சொல்ல விரும்புவது இது. இரண்டாம் தவணை வெட்டுக்கு அனுமதி கொடுக்குமுன், அதே காட்டில் முதல் வெட்டுக்குப் பின் அளந்த ஏட்டை வெளியே வையுங்கள். ஏடு இல்லை என்றால் அனுமதியும் இல்லை. பாசோவுக்கும் புக்கிட் தீமாவுக்கும் ஆகிற செலவை, லாபம் வராத செலவு என்று பட்ஜெட் சமயத்தில் கிள்ளாதீர்கள். ஒரு சுற்று விட்டுப்போனால் அந்த ஐந்தாண்டைப் பின்னால் எந்தப் பணமும் வாங்கித் தராது. நாடா பிடிக்கவும், தகடு கட்டவும், இலையைப் பார்த்து இனம் சொல்லவும் ஆள் வேண்டும். காட்டோரத் தோட்டங்களில் பிறந்து மரத்தோடு வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, நாள்கூலியாக அல்லாமல் மாதச் சம்பளத்தில் வையுங்கள். காட்டை ஒட்டிய செம்பனைத் தோட்டங்களில் உதிரிப் பழத்தை விழுந்த கையோடு அள்ள ஏற்பாடு செய்யுங்கள். அதைப் பொறுக்குகிறவர் நம்மவரானாலும் சரி, இன்று தோட்டங்களில் பெருவாரியாக இருக்கிற இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் ஆனாலும் சரி, மூட்டைக்கு உரிய காசைக் குறைக்காமல் கொடுங்கள்.