பட்ட மரத்தின் மேல் என்ன கோபம்?

எங்கள் பகுதிப் பூங்காவில் பட்டு நின்ற தூங்குமூஞ்சி மரத்தை இந்த வாரம் அடியோடு அறுத்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நடைபாதையிலிருந்து தள்ளி நின்ற மரம். விழுந்தாலும் புல்லின் மேல்தான் விழுந்திருக்கும். காரணம் கேட்டால், தண்டில் வண்டு துளைத்திருக்கிறது, மற்ற மரங்களுக்கும் பரவிவிடும் என்கிறார்கள். பட்ட மரங்களுக்காக நான் இந்தப் பக்கத்தில் எத்தனை முறை வாதாடியிருக்கிறேன் என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். கோபம் இன்னும் ஆறவில்லை.

பரவிவிடும் என்ற அந்தச் சொல்தான் என்னை மறுபடியும் பீசனிடம் கொண்டுபோனது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சியியலாளராக இருந்த பீசன், இந்தியக் காட்டுப் பூச்சிகளைப் பற்றி எழுதிய பெரும் நூல் 1941இல் வந்தது. ஆயிரம் பக்கப் புத்தகம். எந்த வண்டு எந்த மரத்தில், எந்த மாதத்தில், பச்சை மரத்திலா காய்ந்த மரத்திலா என்று பொறுமையாகப் பிரித்துச் சொல்லும். மரம் வெட்டும் அதிகாரம் உள்ள ஒவ்வொருவர் மேசையிலும் இருக்க வேண்டிய நூல்.

அதன் நாயகர்களில் ஒன்று சால மரத்தைத் துளைக்கும் நீள்கொம்பு வண்டு. மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லா காடுகளை 1920களில் ஒருமுறை சூறையாடியது. 1990களின் பிற்பகுதியில் மறுபடியும் பெருகி லட்சக்கணக்கான மரங்களைப் பிடித்தது. எந்த மரத்தை வெட்டலாம், எதை விடலாம் என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது.

அந்த வண்டின் ஆண்டு மழையில் தொடங்குகிறது. தென்மேற்குப் பருவத்தின் முதல் பெருமழை விழுந்ததும் மரத்துக்குள்ளிருந்து வெளியே வரும். பெண் வண்டு பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடும். புழு பட்டைக்கு அடியில் தின்று, பிறகு வைரம் வரை குடைந்து போகும்; அது தள்ளும் மரத்தூள் அடிமரத்தைச் சுற்றிக் குவியும். வளர்ந்தபின் உள்ளே ஓர் அறை செய்து, சுண்ணாம்பு மூடியால் வாயை அடைத்துக்கொண்டு கூட்டுப்புழுவாகும். வண்டாகிய பிறகும் அடுத்த மழை வரும்வரை உள்ளேயே காத்திருக்கும்.

திடமான சால மரம் சும்மா இருக்காது. நாம் குங்கிலியம் என்று புகை போடுகிறோமே, அந்தப் பிசினைப் பெருக்கியே இளம் புழுக்களை மூழ்கடித்துவிடும். அதனால் சாதாரண ஆண்டுகளில் நலிந்த மரமும் புதிதாக விழுந்த மரமும்தான் இதற்கு இடம். வெட்டிய பச்சை மரங்களை மழைக்காலத்தில் காட்டிலேயே போட்டுவைத்தால் வண்டு பெருகும். பெருகிய கூட்டம் ஒரே மரத்தில் இறங்கினால் பிசின் போதாது.

இதற்கு வனத்துறை கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. மழை தொடங்கியதும் சில சால மரங்களை வெட்டி, துண்டாக்கி, பட்டையை நசுக்கிப் போடுவார்கள். கசியும் சாற்றின் வாசனைக்குத் தொலைவிலிருந்தெல்லாம் வண்டுகள் வந்து குடித்துக் கிறங்கிக் கிடக்கும். கிராமத்து மக்கள் அவற்றைப் பொறுக்கி, தலைகளை எண்ணிக் காட்டிக் கூலி வாங்குவார்கள். வண்டின் பழக்கத்தையே வண்டுக்குப் பொறியாக்கிய அறிவு இது.

இப்படிப் பச்சை மரங்களுக்குப் பரவும் இந்தச் சால வண்டுகூட நெடுநாள் காய்ந்து நிற்கும் மரத்தில் முட்டையிடுவதில்லை. காய்ந்த மரத்தில் வாழும் நீள்கொம்பு வண்டுகள் வேறு. அவை மரத்தை உதிர்த்து மண்ணாக்குகின்றன, அவற்றின் புழுக்களை மரங்கொத்தி தின்கிறது. உங்கள் தெருவில் பட்ட மரத்துக்கு ரம்பம் வந்தால், எந்த வண்டு, எந்த மரத்துக்குப் பரவும் என்று கேளுங்கள். பதில் வரும்வரை வெட்ட விடாதீர்கள்.